கம்பியில்லாத போன் வந்த வருஷம்

நாங்கள் வீடு கட்டிக் குடிபோனது தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு புது நகரில். வயலாக இருந்த இடத்தில் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அப்போது நாலைந்து வீடுகள்தான். நடுவில் காலி மனைகள், சீமைக்கருவேலம், மழை பெய்தால் வாரக்கணக்கில் வற்றாத தண்ணீர். பகலில்கூட வாசல் கிரில்லைப் பூட்டித்தான் வைத்திருப்போம்.

என் கணவருக்குத் தொழிற்சாலைகளில் பாய்லர் பழுது பார்க்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் நானும், கைக்குழந்தையாக இருந்த மகளும் மட்டும். அதனால்தான் டெலிபோனுக்கு எழுதிப் போட்டோம். பல வருஷம் காத்திருந்த பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கறுப்பு போன் ஒன்றை ஹாலில் வைத்துவிட்டுப் போனார்கள். கனமான போன். எண்களைச் சுற்றிச் சுற்றி விரல் வலிக்கும். ஒயர் குட்டையாக இருந்ததால் ஜன்னலோரம் நின்றபடியேதான் பேச முடியும். அடுப்பில் பால் இருந்தால் பேச்சைப் பாதியில் விட்டு ஓட வேண்டும்.

அந்த நிலையில், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த நாத்தனார் கணவர் கார்ட்லெஸ் போன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தந்த நிறம். இழுத்தால் நீளும் ஆண்டெனா. டயல் இல்லை, பட்டன்கள். என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கிருந்து தன் அக்காவுக்குப் போன் பண்ணி, "நான் எங்கேர்ந்து பேசறேன் சொல்லு பாப்போம்" என்று கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வெளியில் வாங்கிய போனை இணைக்கக் கூடாது என்று யாரோ சொன்னதால் டெலிபோன் ஆபீசுக்குத் தெரியாமல், பழைய திருகாணிகளைக் கழற்றி அவரே மாட்டியிருந்தார். கறுப்பு போன் பரணுக்குப் போனது.

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கலாம். துணி காயப் போடலாம். தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பேச்சு எவ்வளவு பெரிய துணை என்பது தனியாக இருந்தவர்களுக்குத் தெரியும். திருச்சியில் இருந்த என் தங்கையோடு, வெளியூரிலிருந்து கூப்பிடும் கணவரோடு, முன்னைவிட அதிகம் பேசினேன். ஜன்னலோரம் நின்றபோது சொல்லாததையெல்லாம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து, எடுத்தால் யாரும் பேசாத போன்கள் வரத் தொடங்கின. மணி அடிக்கும். "ஹலோ" என்பேன். மறுபக்கம் யாரோ இருப்பது தெரியும். மூச்சு கேட்காது, ஆனாலும் தெரியும். பிறகு டக்கென்று வைத்துவிடுவார்கள். என் கணவரிடம் சொன்னபோது, "எக்ஸ்சேஞ்சுல கோளாறா இருக்கும்" என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்து சாவி காணாமல் போனது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முடிச்சூரின் பழைய ஊர்ப் பகுதியில் அவள் வீடு. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். நான் வெளியே போகும் நாட்களில் வாசல் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவேன். அவள் எடுத்துத் திறந்து, வேலையை முடித்து, பூட்டி, அங்கேயே வைத்துவிடுவாள். ஒருநாள் பாங்குக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பெட்டியில் சாவி இல்லை. அவளைத் தேடிப்போய்க் கூட்டிவந்தேன்.

"அங்கதானேக்கா வெச்சேன். எப்பவும் வெக்கிற எடத்துலதான்" என்றாள் அவள்.

இருவரும் செடிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் தேடினோம். கிடைக்கவில்லை. நல்லவேளை, மாற்றுச் சாவி என் கைப்பையில் இருந்தது. வீட்டுக்குள் எதுவும் கலையவில்லை. அன்று மாலையே தாம்பரம் மார்க்கெட்டில் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். போட்டுவிட்டேன்தான், ஆனால் அன்றிலிருந்து கதவைப் பூட்டிய பிறகும் இழுத்து இழுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

அடுத்த முறை என் கணவர் நாக்பூர் போயிருந்தார். ஒன்றாம் வகுப்பு படித்த மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. டிவியில் படம் நிற்காமல் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவள் அழுதாள். மாலை அவர் கூப்பிட்டபோது, குழந்தை வாந்தி எடுத்ததையும் டிவி பழுதானதையும் சொன்னேன். "குரோம்பேட்டை கடையில சொல்லி ஆள் அனுப்பச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் மதியம் கிரில்லுக்கு வெளியே ஓர் ஆள் வந்து நின்றான். முப்பது வயது இருக்கலாம். கட்டம் போட்ட சட்டை, கையில் ரெக்சின் பை. வெயில் அவன் முதுகுப் பக்கம் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"டிவி ரிப்பேர் மேடம். சார் சொன்னாரு."

"குரோம்பேட்டை கடையா?"

"ஆமா மேடம். படம் நிக்காம ஓடுதாமே."

சாவியைக் கொண்டுவந்து பூட்டில் போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"பாப்பாவுக்கு இப்ப பரவால்லியா மேடம்? நேத்து வாந்தி எடுத்துச்சாமே."

என் கை அப்படியே நின்றது. டிவி கடைக்காரனிடம் குழந்தை வாந்தி எடுத்ததை யாராவது சொல்வார்களா? என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. தன் சொந்த அண்ணனிடம்கூட வீட்டு விஷயம் பேசமாட்டார்.

"சார் வந்ததும் பாத்துக்கலாம். நீங்க போங்க."

"அஞ்சு நிமிஷ வேலைதான் மேடம்."

"வேண்டாங்க."

அவன் போகவில்லை. கோபப்படவும் இல்லை. பூட்டைப் பார்த்தான், மீட்டர் பெட்டியைப் பார்த்தான், பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு, "சரி மேடம். வெள்ளிக்கிழமை சார் வந்தப்புறமே வரேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனான். வெள்ளிக்கிழமை வருகிறார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பூட்டிலிருந்து சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். மதிய வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

அன்று மாலை கணவர் கூப்பிட்டவுடன் கேட்டேன்: "டிவிக்கு ஆள் அனுப்பச் சொன்னீங்களா?"

"இல்லையே. இன்னும் கடைக்குப் போனே பண்ணல. ஏன்?"

சமையலறை மூலையில், மேடைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மெல்லிய குரலில்தான் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே யாராவது நின்று கேட்டால்? அதற்காகத்தான் மெல்லிய குரல். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சாவி போனப்பவே நினைச்சேன். எல்லாம் அந்தப் பாத்திரம் தேய்க்கிற பொம்பளைதான். வீட்ல நடக்கிறது வேற யாருக்குத் தெரியும்? சாவியை எடுத்துக் குடுத்ததும் அவ, இந்த ஆளை அனுப்பினதும் அவ. நாளைலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடு."

"அவ அப்படிச் செய்யறவளா தெரியலையே."

"உனக்கு எல்லாரும் நல்லவங்கதான். பின்கதவு எப்படி இருக்கு?"

"தாழ்ப்பாள் ஆடுதுங்க. கல்லை முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன்."

"நகையெல்லாம் பீரோவுல வேண்டாம். எடுத்து அரிசி டின்னுக்குள்ள போட்டுடு. யாரும் பாக்க மாட்டாங்க."

சரி என்றேன். வைத்தவுடன் முதல் வேலையாக நகைகளைத் துணியில் முடிந்து அரிசிக்குள் புதைத்தேன். என் கணவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் யோசித்துச் சொல்ல ஒருவர் இருக்கிறாரே என்று அன்றைக்கு அந்தப் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை அவள் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறிய பிறகு வந்தாள். வந்தவள் கிரில்லுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஏன் நிக்கறே, உள்ளே வா" என்றேன். வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றே காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு? திருடி உள்ள வரலாமா?"

"யார் உன்னைத் திருடின்னு சொன்னாங்க?"

"உன் வூட்டுக்காரருதான் சொன்னாரு. சாவிய நான் எடுத்துக் குடுத்தேனாம், எவனையோ நான் அனுப்பிச்சேனாம். உன் வூட்ல இத்தினி நாளா வேல செஞ்சேனே, ஒரு ஸ்பூன் கொறஞ்சிருக்குமாக்கா?"

"அவர் நாக்பூர்ல இருக்கார். உன்கிட்ட எப்படிச் சொன்னார்?"

"என்னாண்ட எங்க சொன்னாரு? உன்னாண்டதான் சொல்லிக்கினு இருந்தாரு. நான் கேட்டேன். ரேடியோல."

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"பின்தெருவு ரயில்வேக்காரர் வூட்ல சாயந்தரம் பாத்திரம் தேய்ச்சிக்கினு இருந்தேன். அந்தம்மா ரேடியோவத் திருப்பினாங்க. உன் கொரலு வந்திச்சி. அப்புறம் அவரு கொரலு. நகைய அரிசி டின்னுல போடச் சொன்னாரே. போட்டுட்டியா?"

கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளே, "ஐயோ, இன்னாக்கா" என்று கம்பிக்குள் கைவிட்டு என் தோளைப் பிடித்தாள். கதவைத் திறந்தேன். உள்ளே வந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவளைக் குழந்தையோடு இருக்கச் சொல்லிவிட்டு, முந்தானையைக்கூடச் சரி செய்யாமல் பின்தெருவுக்கு ஓடினேன்.

அந்த வீட்டுச் சமையலறை, எங்கள் சமையலறைக்கு நேர் பின்னால் ஒரு காலி மனையைத் தாண்டி இருந்தது. ரயில்வேயில் ஓய்வுபெற்றவரும் அவர் மனைவியும் மட்டும். அந்த அம்மாளைக் கோயிலில் பார்த்தால் சிரிப்பேன். ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவ்வளவுதான் பழக்கம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"முதல்ல நாடகம்னுதான் நினைச்சேம்மா" என்றார். "மீடியம் வேவ் கடைசியில, ஸ்டேஷன் எதுவும் இல்லாத எடத்துல வந்துச்சு. ஒரு பொண்ணு தங்கச்சிகிட்ட பேசறா. மறுநாளும் வந்துச்சு. அப்புறம் உன் பொண்ணு பேரைச் சொன்னப்பதான் தெரிஞ்சுது."

"எத்தனை நாளா ஆன்ட்டி?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? நீ பேசினதெல்லாம் கேட்டேன்னா என்னை என்ன நினைப்பே?" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "கேக்கக் கூடாதுன்னு தினமும் நினைப்பேன். சாயங்காலமானா கை தானா திருப்பிடும்."

மாமியாரோடு எனக்கிருந்த மனத்தாங்கல், இரண்டாவது குழந்தை தங்காமல் போனது, தங்கையின் புருஷன் குடிப்பது எல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரியும். இரவிக்கை இல்லாமல் தெருவில் நின்றது போல இருந்தது. ஆனால் வெட்கப்பட அப்போது நேரமில்லை. அவர் வீட்டுச் சுவரிலிருந்த அலமாரியில் பெரிய மர ரேடியோ. போட்டால் சூடாவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும் வால்வு ரேடியோ. அவர் குமிழைக் கடைசி வரை திருப்பினார். கரகரவென்ற சத்தம் தவிர ஒன்றும் வரவில்லை. என் வீட்டில் போனை யாரும் எடுத்திருக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை வந்தது. எல்லாம் ஏதோ குழப்பம், அவள் எங்கேயோ ஒட்டுக் கேட்டிருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நிமிஷத்தில் ரேடியோவிலிருந்து டயல் டோன் வந்தது. அதற்கு மேல் என் மகளின் குரல்.

"ஹலோ... ஹலோ... அப்பா? அம்மா வீட்ல இல்ல. ஓடிட்டாங்க. எனக்கு ஜுரம். வேற யாருமே இல்ல."

பக்கத்தில் இருந்து சொல்வது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. காலி மனையைத் தாண்டி ஒரு வீட்டில் பேசும் குழந்தை இங்கே அலமாரியில் பேசுகிறது. இங்கே மட்டுமா? அந்த நேரத்தில் ஊரில் யார் யார் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்? அடுத்து இன்னொரு குரல், தூரத்திலிருந்து: "பாப்பா, வெய்யி! அதுல பேசாத! நான் இங்கதானே கீறேன்!" பிறகு டக்கென்று எல்லாம் நின்று கரகரப்பு மட்டும் மிச்சமிருந்தது.

நான் வீட்டுக்கு எப்படி ஓடிவந்தேன் என்பது நினைவில்லை. காலில் முள் குத்தியிருந்தது மாலையில்தான் தெரிந்தது.

பின்னாலேயே ஆன்ட்டியின் கணவர் வந்தார். அவர் ஸ்டேஷன்களில் சிக்னல் பார்த்தவர். டெலிபோன் ஒயர் இணைந்திருந்த கார்ட்லெஸ்ஸின் அடிப் பெட்டியைக் கழற்றி, பரணிலிருந்து கறுப்பு போனை இறக்கி, தூசி தட்டி மாட்டிக் கொடுத்தார். "இந்த மாடல்ல, பெட்டியிலேர்ந்து கைபோனுக்குப் பேச்சு ரேடியோ அலையிலதாம்மா போகுது. பக்கத்துல எந்த ரேடியோவும் பிடிக்கும்" என்றார். எதிர்முனைப் பேச்சும் சேர்ந்தா என்று கேட்டேன். சேர்ந்துதான் என்றார். நான் உடனே அரிசி டின்னைக் கவிழ்த்தேன். நகை இருந்தது. சமையலறை முழுக்க அரிசி சிதறிக் கிடக்க, அந்த முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கணவர் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளைப் போன்ற பயம் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கேட்டவன் யார்? தெருமுனையில் துணி தேய்ப்பவர் வண்டியில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். எதிர் மனையில் கட்டடம் கட்டுகிறவர்கள் ஒன்று வைத்திருந்தார்கள். முடிச்சூர் சாலை டீக்கடையில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். வாடகைக்கு வந்த இளைஞர்கள், சைக்கிளில் ரேடியோ கட்டிக்கொண்டு போகும் பால்காரர். முன்பெல்லாம் அந்தச் சத்தங்கள் இருந்தால் தெருவில் மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று தைரியமாக இருக்கும். இப்போது ஒவ்வொரு ரேடியோவும் என் வீட்டுச் சுவரில் போட்ட ஓட்டை மாதிரி தெரிந்தது. யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் இவன் எதைக் கேட்டான் என்றே தோன்றியது. சாவி வைக்கும் இடத்தையும் எங்கள் போன் நம்பரையும்கூடத் தங்கையிடம் அதில் சொல்லியிருப்பேன். பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று நானே சொல்லியிருக்கிறேன். நகை இருக்கும் இடத்தையும் சொல்லியாகிவிட்டது. ஆண்பிள்ளை என்றைக்கு வருவார் என்பதையும் சொல்லியாகிவிட்டது.

"ராத்திரி நீ இங்கே இருந்துக்கிறியா?" என்று பாத்திரம் தேய்க்கும் பெண்ணிடம் கேட்டேன். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் இருந்தா உன் வூட்டுக்காரரு இன்னா சொல்வாரோ" என்றாள். ஆனாலும் போய்த் தன் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். ஆடும் பின்கதவுக்குக் குறுக்கே பாயை விரித்து, பக்கத்தில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு படுத்தாள். யாரும் வரவில்லை. நான் தூங்கவும் இல்லை.

என் கணவர் வெள்ளிக்கிழமை வந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. கார்ட்லெஸ்ஸைத் திரும்ப மாட்டி என்னைப் பேசச் சொல்லிவிட்டு, பின்தெருவுக்குப் போய் ரேடியோவில் தானே கேட்டுவிட்டு வந்தார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய், "தெரியாம சொல்லிட்டேம்மா. மனசுல வெச்சுக்காதே" என்றார்.

அவள் தலையைத் தூக்காமல், "பரவால்ல சார். ரகசியமாவா சொன்னீங்க, ஊருக்கே கேக்கறாப்பலதானே சொன்னீங்க" என்றாள். அவர் அதற்குப் பிறகு அவள் இருக்கும் நேரத்தில் சமையலறைப் பக்கமே வருவதில்லை. அவள் எங்களிடம் பல வருஷம் வேலை செய்தாள். வீட்டுச் சாவியை மட்டும் கடைசி வரை கையால் தொடவில்லை. நான் வீட்டில் இருந்தால் வருவாள், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ரேடியோவில் போன் கேட்கிறது என்று சொன்னதை எழுதிக்கொள்ள அங்கிருந்தவர் தயங்கினார். திருட்டு எதுவும் நடக்கவில்லையே என்றார். ஆள் அடையாளம் மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். கட்டம் போட்ட சட்டை, ரெக்சின் பை. சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு வண்டி வந்து நின்றால் அப்படி நூறு பேர் இறங்குவார்கள்.

புதுச் சாமான்களைப் பற்றி எங்கள் வீட்டில் அதன் பிறகு நிறைய விவாதம் நடந்தது. பழைய போனிலும்தான் கிராஸ் டாக் வரும், பாதிப் பேச்சில் யாரோ நெல்லூர் அரிசி விலை கேட்பார்கள் என்று என் கணவர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் அந்தக் குழப்பத்தில் அவர்கள் பேசுவது நமக்கும் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்கும் கேட்கும். "யாருங்க அது, வைங்க" என்று சண்டை போடலாம். புதுப் போனில் கேட்பவனிடமிருந்து சின்னச் சத்தம்கூட வராது. பேசுகிற எனக்கு எல்லாம் சுத்தமாக, தெளிவாக, முன்னைவிட நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு பொருள் நமக்கு என்ன வசதி செய்கிறது என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். அடுத்தவனுக்கு அது என்ன வசதி செய்கிறது என்று கடையில் கேட்கத் தோன்றுவதில்லை. இப்படிச் சொல்வதால் கறுப்பு போன் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வருஷ மழையில் அது வாரக்கணக்கில் செத்துக் கிடந்தது. அவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் தவித்ததும் பயம்தான்.

கறுப்பு போன் திரும்ப வந்து ஒரு வாரம் இருக்கும். மதியம் மணி அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ?"

"போன் மாத்திட்டீங்களா மேடம்?"

மரியாதையான குரல். நலம் விசாரிப்பது போலத்தான் கேட்டான். ஒரு நிமிஷம் காத்திருந்தான், நான் பதில் சொல்வேன் என்பதுபோல. பிறகு வைத்துவிட்டான். ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். வைத்தால் மறுபடி அடிக்குமோ என்று பயம். வைக்காவிட்டால் அவன் இன்னும் அந்தப் பக்கம் இருப்பானோ என்று பயம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை அப்படியே நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, கிரில்லைத் தட்டித் தட்டிக் கத்தியபோதுதான் என் கால் நகர்ந்தது.

அதன் பிறகு அவன் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவும் இல்லை. என் கணவர் டூர் குறைவாக இருக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டோம். தெருவில் வீடுகள் வந்தன.

சில மாதங்கள் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பக்கத்து நகரில் பட்டப்பகலில் ஒரு வீட்டில் புகுந்து டேப்ரிக்கார்டரும் வெள்ளிச் சாமானும் எடுத்தவனைப் பிடித்திருக்கிறார்களாம். ரிப்பேருக்கு வந்தேன் என்று சொல்லித்தான் நுழைந்தானாம். நான் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் என் கணவரின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. உதடு வீங்கியிருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றான். அவன்தானா? உயரம் அப்படித்தான் இருந்தது. முகத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

"பேசச் சொல்லுங்க சார்" என்றேன் சப்-இன்ஸ்பெக்டரிடம்.

"என்னடா, பேசு" என்றார் அவர்.

அவன் என்னைப் பார்த்தான். "நான் உங்களப் பாத்ததே இல்லம்மா. சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்கு நான் வந்தேனாம்மா?" என்றான். அழுகையில் குரல் உடைந்திருந்தது. மேடம் என்று சொல்லவில்லை. அந்தக் குரலில் நான் அறிந்த மரியாதையைத் தேடினேன். பயம் மட்டும்தான் இருந்தது. அடி வாங்கியவனின் பயம். போனில் பேசியவனும் கிரில்லுக்கு வெளியே நின்றவனும் ஒரே ஆள்தானா என்பதே எனக்கு நிச்சயமில்லை என்பது அங்கேதான் உறைத்தது. சாவியை எடுத்தது அவர்களில் ஒருவனா, மூன்றாவது ஒருவனா?

"நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா. இவன்தானே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அன்று இரவு நான் தூங்கியிருப்பேன். அந்த ஆசை எனக்கு இருந்தது.

"தெரியல சார்" என்றேன்.

வெளியே வந்தோம். என் கணவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் வரை நான் சாலையில் போகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலைக் கூட்டம். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.